அண்ணனுக்குப் போட்ட கழிவு

கலேவெல சந்தைப் பக்கம் அண்ணனும் நானும் நடத்திய மொத்த மரக்கறிக் கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருந்தது. நாங்கள் இருவரும் அதில் ஏறித்தான் எங்கள் எடையைப் பார்ப்போம். ஆஸ்பத்திரி கிளினிக்கில் இருந்த சின்னத் தராசில் ஏறினால் முள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூச்சியத்திலேயே வந்து நின்றது. “நீங்க ரெண்டு பேரும் கடையிலேயே நிறுத்துட்டு வாங்க, இது அரசாங்கச் சாமான்” என்று நர்ஸ் அம்மா சொல்லிவிட்டார். வெட்கப்பட வேண்டிய இடத்தில் அண்ணன் பெருமைப்பட்டார்.

எங்கள் தொழிலில் கழிவு என்று ஒன்று உண்டு. விவசாயி கொண்டுவரும் மூட்டையை நிறுத்ததும், சாக்குக்கு, மண்ணுக்கு, அழுகலுக்கு என்று கொஞ்சம் குறைத்துத்தான் எடை போடுவோம். அழுகல் இருந்தாலும் கழிவு, இல்லாவிட்டாலும் கழிவு. விவசாயியும் சும்மா இருக்கமாட்டான். சாக்கை நனைப்பான், அடியில் கல்லை வைப்பான். அவன் வைப்பது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியுமென்பது அவனுக்குத் தெரியும். இப்படித்தான் உலகம் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் தராசில் ஏறினால் கூலிக்காரர்கள் கேட்பார்கள்: “மொதலாளி, கழிவு எவ்வளவு போடுறது?”

“தலையக் கழிச்சிரு. உள்ள ஒண்ணுமில்ல.”

நான் ஏறினால் அவர்கள் கேட்பதற்கு முன்பே அண்ணன் சொல்லிவிடுவார்: “இவனுக்கு மூட்டை முழுக்கக் கழிவுடா.”

அவர் சொன்னதும் சரிதான். பள்ளிக்கூடத்தில் நான் மழைக்கு ஒதுங்கிய அன்றைக்கும் வாத்தியார் வெளியே போகச் சொன்னார். இந்த எழுத்துகூட மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதிப் பழகியதுதான். அதனால் எழுத்து கொஞ்சம் குண்டாக இருக்கும். ஆளைப் போல.

அண்ணன் ஐம்பதைத் தாண்டியபோது திடீரென்று சீனி வியாதி வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாதது. கிளினிக் டொக்டர் அண்ணனைப் பார்த்தார், துணைக்குப் போன என்னையும் பார்த்தார். ரெண்டு பேரும் மெலிய வேண்டும், தினமும் நடக்க வேண்டும், தயிரில் கித்துல் வெல்லப் பாணி ஊற்றிச் சட்டியோடு சாப்பிடுவதை விட வேண்டும் என்றார். சீனி இருப்பது அண்ணனுக்கு, தண்டனை எனக்கும்.

“பந்தயமா?” என்றார் அண்ணன், பஸ்ஸில் வரும்போதே.

“என்ன பந்தயம்?”

“யாரு மொதல்ல மெலியிறதுன்னு. தோத்தவன் தம்புள்ளை ரோட்டுல தலையில மூட்டை வெச்சு நடக்கணும்.”

நான் ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பட்ட எரிச்சலை என் வாழ்க்கையில் பட்டது கிடையாது. காலையில் குரக்கன் ரொட்டி, மத்தியானம் கீரை, ராத்திரி ப்ளேன்டீ. சீனி இல்லாத ப்ளேன்டீ! குளத்தங்கரையைச் சுற்றி மூச்சு வாங்க வாங்க நடந்தேன். தராசில் ஏறினால் முள் அசையவில்லை. ஒரு வாரம் கூடிக்கூட இருந்தது. கீரையைத் தின்று கூடிய ஒரே மனிதன் இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணனோ கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டார், அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறும் தராசில் ஏறினார், ஒவ்வொரு ஞாயிறும் குறைந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். பிறகு இன்னொன்று.

“எப்பிடிண்ணே?”

“மனக்கட்டுப்பாடுடா.”

“காலையில மீன் வெச்ச மாலுப்பாண் தின்னதப் பாத்தேனே!”

“மனசுலதான் கட்டுப்பாடு. வாயில இல்ல.”

சந்தையே அவரிடம் வைத்தியம் கேட்டது. லொறிக்காரர்கள் அவர் என்ன தின்கிறார் என்று பார்த்து அதையே தின்றார்கள். கோயிலில் ஐயர், “நல்லா மெலிஞ்சிட்டீங்க, முகத்துல களை வந்திருச்சு” என்று அண்ணனுக்கு மட்டும் தனியாகத் தீபம் காட்டினார். அண்ணி பக்கத்து வீட்டாரிடம், “எல்லாம் வெந்தயத் தண்ணிதான்” என்று பெருமை பேசினார். என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எனக்கும் வெந்தயம் ஊறவைத்தாள். நான் அண்ணனைப் பார்த்து வயிறெரிந்தேன். வயிறு நிறைய இருந்ததால் நன்றாகவே எரிந்தது.

நடுவில் அவர் முதுகு வலிக்கிறது என்றார். மூட்டைக் கடைக்காரனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தோம். கக்கூஸுக்குப் போனால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் மாதிரி மிதக்கிறது என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். “மெலிஞ்ச ஆளுக்கு எல்லாமே லேசாத்தான் இருக்கும்” என்று நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அந்தப் பகிடியை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு ஒரு நாள் அவர் கண் மஞ்சளானது. செங்கமாரி என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து ஊர் வெதமாத்தயா, நாட்டு வைத்தியர், கீழாநெல்லி கொடுத்து, எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று பத்தியம் போட்டார். மஞ்சள் போகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பெடுத்து அவர் கதவு நிலையில் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தபோதுதான் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர். பித்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் வைத்து மஞ்சளை இறக்கினார்கள். படமெல்லாம் எடுத்தார்கள். பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்து டொக்டர் சொன்னார்:

“கணையத்தில ஒரு கட்டி. கான்சர்.”

கடைசிச் சொல் எங்களுக்குத் தெரியும். முதல் சொல் தெரியாது.

“கணையம்னா எங்கேங்க இருக்கு?” என்றேன்.

“இரைப்பைக்குப் பின்னால.”

“எங்களுக்கு முன்னால இருக்கிற வயிறுதாங்க தெரியும்.”

டொக்டர் சிரிக்கவில்லை. அண்ணன்தான் லேசாகச் சிரித்தார். அவருடைய சிரிப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது.

“இவர் நல்லா மெலிஞ்சாருங்க டொக்டர். நீங்க சொல்ற மாதிரித்தான் எல்லாம் நடந்திச்சு. மெலிஞ்ச ஆளுக்கு ஏன் வரணும்? நான் இருக்கேன் பாருங்க, அப்பிடியே!”

“அவர் மெலியேல்லை. அது அவரைத் தின்னத் தொடங்கினது. அந்தச் சீனியும் திடீரெண்டு வந்தது அதாலதான் எண்டு நினைக்கிறன்.”

எங்களுக்கு விளங்கவில்லை என்பதை டொக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். என்ன தொழில் என்று கேட்டார். பம்பாய் வெங்காயம் என்றோம். வெங்காயத்துக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டார். யூரியா என்றோம்.

“யூரியா போட்டால் வெங்காயம் மட்டுமே வளரும்?”

“களையுந்தாங்க வளரும். களைதான் மொதல்ல வளரும்.”

“அப்பிடித்தான். உடம்பில கொழுப்புக் கூடினால், உடம்பு இன்சுலினைக் கூடக் கூடச் சுரக்கும். அது செல்லுகளுக்கு யூரியா மாதிரி. வருசக்கணக்கா அது ஊறிக்கொண்டிருந்தால், கெட்ட செல் ஒண்டு அதில இருந்தால் அதுவும் சேர்ந்து வளரும். கொழுத்த எல்லாருக்கும் வராது. ஆனால் நிலம் அதுக்குத் தோதா இருக்கும்.”

“அப்ப கான்சருக்குப் போடுறாங்களே ஊசி மருந்து, அது களைக்கு அடிக்கிற மருந்தா?” என்றார் அண்ணன். அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. எனக்கு முன்னாலேயே எப்போதும் அவருக்குத்தான் விளங்கும்.

“ஓம். ஆனால் கட்டியைச் சுத்தித் தழும்பு இறுகிப்போய் இருக்கு. கோடையில உங்கட பக்கம் மண் இறுகுமே, தண்ணி ஊத்தினால் மேலாலயே ஓடிப்போகும். அப்பிடி. கொழுப்பு உள்ளவைக்கு அது இன்னும் இறுக்கமா இருக்கும். மருந்து உள்ளுக்குப் போக கஷ்டம்.”

வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறதாம். வாரம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் ஊசியைத் தாங்க உடம்பு வேண்டும், இனிமேல் மெலியக் கூடாது, இன்னும் எடை இறங்கினால் ஊசியை நிறுத்த வேண்டிவரும் என்றார். சாப்பாடு செமிக்க, சாப்பிடும்போதே விழுங்கச் சொல்லிக் குளிசைகளும் கொடுத்தார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஒரு வருசமாக ‘தின்னாதே, தின்னாதே’. இப்போது ‘தின்னு, தின்னு’. தின்ன முடிந்த காலத்தில் தட்டைப் பிடுங்கினார்கள். தட்டைக் கையில் கொடுத்தபோது அந்த மனிதருக்குச் சோற்று வாசமே பிடிக்கவில்லை.

ஊருக்கு வந்தால் அங்கே ஆளுக்கு ஒரு டொக்டர். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அண்ணனுக்கு ஒரு இனிப்புப் பனிஸ் பாக்கெட்டையும் அண்ணிக்கு ஒரு புத்திமதியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இனிப்புக் கொடுத்தால் கட்டி வளரும், பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்று லக்கலையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் அண்ணியை நம்பவைத்துவிட்டார். யூரியாவை நிறுத்தினால் களை வாடும் என்ற கணக்கு. வெதமாத்தயாவின் எண்ணெய்ப் பத்தியமும் அதோடு சேர்ந்துகொண்டது.

“அண்ணி, டொக்டர் மீன் குடுக்கச் சொன்னாருல்ல? முட்டை குடுக்கச் சொன்னாருல்ல?”

“டொக்டருக்கு என்ன தம்பி, அவரு ஒரு நாளு பாக்குறாரு. நான் தெனமும் பாக்குறேன். மீன் வாசத்துக்கு வாந்தி எடுக்குறாரு.”

“அதுக்காகக் கஞ்சித் தண்ணியா?”

“கஞ்சித் தண்ணிதான் தங்குது!”

சொல்லிவிட்டு அண்ணி அழுதார். சமாதானமாக அந்தப் பனிஸ்களை எடுத்து நானே தின்றேன். அண்ணனுக்காக வந்த பனிஸ் முழுவதும் என் உடம்பில்தான் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை தராசில் அவர் இறங்கிக்கொண்டே போனார், நான் ஏறிக்கொண்டே போனேன். பந்தயத்தை அவர் எப்போதோ ஜெயித்துவிட்டார். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கண்டியில் ஒரு கிளினிக் நாளில் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: “அடுத்த முறையும் எடை இறங்கியிருந்தால் ஊசியைப் பற்றி நான் யோசிக்க வேணும்.”

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் வைத்து அண்ணன் சொன்னார்: “ஊசிய நிறுத்துனா அவ்வளவுதான்டா தம்பி.”

அடுத்த கிளினிக் நாள் காலையில் கடையில் சத்தம். தட்டுத் தராசின் படிக்கற்களைக் காணவில்லை என்று கூலிக்காரன் தேடிக்கொண்டிருந்தான். அரசாங்க முத்திரை குத்திய இரும்புப் படிக்கற்கள். “உன் கண்ணக் காணல!” என்று அவனை ஏசிவிட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு அண்ணன் நடை அழுத்தமாக இருந்தது. பழைய நடை. கஞ்சித் தண்ணீருக்கும் ஒரு சக்தி இருக்கத்தான் செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. மாத்தளைக்கு முன்னால் செக்பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கி வரிசையில் நடக்க விட்டார்கள். எனக்கு முன்னால் அண்ணன். மீசை சரியாக முளைக்காத ஒரு ஆமிக்காரன் அண்ணன் இடுப்பைத் தடவினான். தடவியவன் கையைச் சடக்கென்று எடுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான்.

“மே மொக்கத?” இது என்ன என்று கேட்டான். குரல் அவனுக்கே உடைந்துவிட்டது.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் குண்டு என்று நினைத்து றோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் குதித்தார்கள். எனக்கும் எங்கேயாவது ஒளிய வேண்டும் என்றுதான் இருந்தது. என்னை மறைக்கிற அளவுக்கு ஒரு மரமும் அந்தப் பக்கத்தில் இல்லை.

அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்: “படி! படி!”

படிக்கல்லைச் சிங்களத்திலும் படி என்றுதான் சொல்வார்கள். ஆனால் சம்பளத்துக்கும் அவர்கள் பாஷையில் அதே சொல்தான்.

“சம்பளமா? இடுப்புல இரும்பு மாதிரி எவனுக்குடா சம்பளம்?” என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கத்தினான்.

“தராசுப் படிங்க மாத்தயா! தராசுப் படி!” என்று நானும் சேர்ந்து கத்தினேன். என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. உடம்பு மட்டும்தான் எருமை.

வயதான ஒரு சார்ஜன்ட் வந்தார். துவக்குகள் நீட்டியபடியே இருக்க, அண்ணனை மெதுவாகச் சட்டையைத் தூக்கச் சொன்னார். இடுப்பில் துவாய். துவாய்க்குள் எங்கள் கடைப் படிக்கற்கள். அவிழ்த்ததும் ஒவ்வொன்றாகத் தார் றோட்டில் விழுந்தன. படிக்கற்கள் போன பிறகு அங்கே இருந்தது தோல் மட்டும். வெங்காயத்தைக் கொட்டிய பிறகு சாக்கு தொங்குமே, அப்படி மடிந்து மடிந்து தொங்கியது. அவ்வளவு மெலிந்திருப்பார் என்று கூடவே இருந்த எனக்கே தெரியாது. ஆமிக்காரன் துவக்கைத் தாழ்த்தினான்.

“எதுக்கு இது?” என்றார் சார்ஜன்ட்.

நான் சொன்னேன். கான்சர் என்றேன், ஊசி என்றேன், எடை இறங்கினால் ஊசி இல்லை என்றேன்.

“டொக்டரை ஏமாத்தவா?”

“ஆமாங்க” என்றார் அண்ணன், கை இன்னும் மேலேதான்.

“மூட்டைக்கு அடியில கல்லு வெக்கிற மாதிரி” என்றான் அந்த ஆமிக்காரப் பையன்.

“பைத்தியக்கார மனுசா! இன்னைக்கு இவன் சுட்டிருந்தா?” என்று சார்ஜன்ட் தலையில் அடித்துக்கொண்டார். இரும்பை இங்கே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்களை பஸ்ஸில் ஏற்றினார். கானிலிருந்து ஏறிவந்த ஜனங்கள் கண்டி வரைக்கும் எங்களை ஏசிக்கொண்டே வந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து அண்ணனை ஏசினேன்.

“கொன்னுருப்பானுங்கண்ணே! என்னையுஞ் சேத்து!”

“ஒன்னயச் சுட்டா குண்டு உள்ள போகாதுடா. தழும்பு எறுகியிருக்கும்.”

கிளினிக் தராசில் அண்ணன் அண்ணனாகவே ஏறினார். முள் எங்கே நின்றது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. டொக்டர் பார்த்துவிட்டு எடையை எழுதப் பேனாவை எடுத்தார். அவர் எழுதுவதற்கு முன்பே நான் படிக்கல் கதையைக் கொட்டிவிட்டேன்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

“ஐயா, உந்த ஊசி உயரமும் எடையும் பாத்து அளக்கிற மருந்து. நீங்கள் கல்லைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் நான் கல்லுக்கும் சேர்த்து மருந்து ஏத்தியிருப்பன். கல்லுக்கு ஒண்டும் நடக்காது. உங்களுக்கு நடக்கும்.”

அண்ணன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“என்ன சாப்பிடுறியள்?”

“கஞ்சித் தண்ணிங்க.”

“குளிசை?”

“அது சாப்பாட்டோட போடச் சொன்னீங்களே. சாப்பாடு இல்லாததால போடலிங்க.”

டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் எல்லார் மேலும் எரிச்சல். “பட்டினி போட்டால் கட்டி சாகாது. அது உங்கட தசையைத் தின்னும். முட்டை, மீன், தயிர், கொஞ்சம் கொஞ்சமா. குளிசையோட. எண்ணெயும் சேர்க்கலாம்” என்றார். பிறகு ரத்தப் பரிசோதனைத் துண்டை மறுபடி வாசித்தார்.

“குறைச்சுத் தாறன்” என்றார் கடைசியில். “நிப்பாட்டேல்லை. இண்டைக்குக் குறைச்சுத் தாறன்.”

அண்ணன் என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அந்தக் கையில் பலமே இல்லை.

திரும்பி வரும்போது செக்பொயின்ட்டில் படிக்கல்லைக் கேட்காமல் பஸ் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டார். ஊசி போட்ட ஆள். முகம் வெளிறிப்போய், எந்த நேரமும் வாந்தி வரும் நிலைமை. பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். “விடுங்கண்ணே, இரும்புதானே!” என்றால், “முத்திரை குத்துன கல்லுடா, கடையை எப்பிடி நடத்துறது?” என்கிறார்.

அந்தப் பையன்தான் துவாய் முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணன் றோட்டிலேயே பிரித்துப் பார்த்தார்.

“ஒண்ணு கொறையுதே?”

“அது கழிவு, மொதலாளி” என்றான் பையன்.

அதுவரை சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தவன் அந்தச் சொல்லை மட்டும் தமிழில் சொன்னான். அவன் அப்பா வில்கமுவையிலிருந்து கலேவெலைக்கு வெங்காயம் கொண்டுவருகிறவராம். சின்ன வயதில் மூட்டைமேல் உட்கார்ந்து கூடவே வந்திருக்கிறானாம். தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதானாம்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத்தான் பார்த்தார். பிடிக்க வயிறு இல்லாததால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணி கஞ்சியில் முட்டை அடித்து ஊற்றினார், குளிசையும் கொடுத்தார். கொஞ்ச நாள் தராசு இறங்காமல் நின்றது. வெங்காய அறுவடைக்கு அண்ணன் இருந்தார். கடை வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, வில்கமுவ மூட்டை வந்தால் மட்டும், “அதுக்குக் கழிவு போடாதீங்கடா, அந்தாளு மகன் துவக்கு வெச்சிருக்கான்” என்று கத்தினார். அடுத்த மழைக்கு முன்னால் போய்விட்டார். பெட்டியைத் தூக்கப் பழைய அண்ணனை நினைத்து ஏகப்பட்ட கூலிக்காரர்கள் வந்து நின்றார்கள். பாதிப் பேருக்குப் பிடிக்க இடம் கிடைக்கவில்லை.

“உமக்கும் நிலம் தோதாத்தான் இருக்கு” என்று டொக்டர் யூரியாக் கதை சொன்ன அன்றைக்கே என் வயிற்றைக் காட்டிச் சொன்னதால் நான் இன்னும் நடக்கிறேன், கீரை தின்கிறேன், சீனியில்லாத ப்ளேன்டீ குடிக்கிறேன். இறங்குகிறது, கொஞ்சமாக. இறங்கினாலும் பயம், ஏறினாலும் பயம். என்ன பிழைப்பு இது?

ஞாயிற்றுக்கிழமைகளில் தராசில் ஏறுகிறேன். கூலிக்காரர்கள் முள்ளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள். கழிவு எவ்வளவு போடுவது என்று ஒருத்தனும் கேட்பதில்லை. போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா? கேளுங்கடா!” என்று தராசிலிருந்தே கத்தினேன்.

கடைசியில் ஒருத்தன் கேட்டான். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை எப்போதும் அண்ணன்தான் சொல்வார்.